முப்பது கவுண்ட் எறா சென்னைக்கு வருதா, வரலையா?

அடையாறுவாசி:
எங்க அபார்ட்மெண்ட் குழுவுல சுத்துது, அப்படியே போடறேன்: "முப்பது கவுண்ட் எறா ஒண்ணுகூட சென்னைக்காரன் தட்டுக்கு வராது. நல்லதெல்லாம் அமெரிக்காவுக்கு, கழிச்சதெல்லாம் நமக்கு." கவுண்ட்னா எடைக்கு எத்தனை எறா நிக்குதுங்கற கணக்காம், எண் குறைஞ்சா எறா பெருசு. உண்மைதானே? போன ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ வாங்கினேன். எல்லாம் சுண்டுவிரல் பருமன்.

காசிமேட்டான்:
எவன் எழுதினது? கடலை மாடி ஜன்னல்ல இருந்து பாத்தவனா இருப்பான். எங்க தாத்தா கட்டுமரம், எங்கப்பா விசைப்படகு, நான் இருபது வருஷமா விடியக்கால ஏலத்துல நிக்கறேன். முப்பது கவுண்ட் இன்னா, அதைவிடப் பெருசே இந்தக் கையால அள்ளிக் குடுத்துருக்கேன். நீங்க வெயில் ஏறினப்புறம் பைய ஆட்டிகினு வந்தா சுண்டுவிரல்தான் மிஞ்சும். முப்பது கவுண்ட் வருது. எழுதி வச்சுக்கோங்க.

பொன்னேரி பண்ணை:
அண்ணே, கோச்சுக்காதீங்க. நீங்க அள்ளினது கடல் எறா. அந்தச் செய்தி சொல்றது வனாமி, குட்டையில வளர்க்கறது. 2024-25ல இந்தியாவோட கடல் உணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதுல உறைய வச்ச எறா மட்டும் 43,334 கோடி. அந்த எறாவுல பெரும்பங்கு எங்க குட்டைச் சரக்குதான். முப்பதுக்குக் கொண்டுபோக நாலு மாசம் தாண்டும். ராத்திரி தண்ணிக்குக் காத்து குடுக்கற ஏரேட்டர் நின்னுடுச்சுன்னா விடியறதுக்குள்ள மிதக்கும். நடுவுல வெள்ளைப்புள்ளி நோய் வந்தா நூறு கவுண்ட்லயே அவசரமா வலை போட்டு அள்ளணும். அவ்வளவு பாடுபட்டு முப்பது ஆக்கினவன் வெளிநாட்டு விலைக்குத்தான் குடுப்பான்.

காசிமேட்டான்:
நான் கேட்டது முப்பது கவுண்ட் சென்னைக்கு வருதா இல்லியான்னு. நீங்க கோடிக்கணக்கு ஒப்பிக்கறீங்க. தீவனம் போட்டு வளர்த்தா அது பிராய்லர், எறா இல்ல.

ஐஸ்பெட்டி:
தூத்துக்குடியில ஒன்பது வருஷம் எறா தரம் பிரிச்சவ நான். நீங்க ரெண்டு பேரும் சொல்ற முப்பதும் அமெரிக்காக்காரன் முப்பதும் ஒண்ணு இல்ல. இங்க குட்டைக் கரையில தலையோட ஒரு கிலோவுக்கு எத்தனைன்னு எண்ணுவாங்க. அமெரிக்கா போற பெட்டியில தலை எடுத்தப்புறம் ஒரு பவுண்டுக்கு எத்தனைன்னு போடுவோம்: 16/20, 21/25, 26/30. தலை போனா எடையில மூணுல ஒரு பங்கு போயிடும். குட்டைக்கரை முப்பது அங்க இருபதை ஒட்டி நிக்கும்.

காசிமேட்டான்:
அக்கா, பவுண்டெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு. முப்பதுன்னா முப்பது. பேச்சு சென்னையப் பத்தி, தூத்துக்குடியப் பத்தி இல்ல.

மந்தைவெளி ராதா:
அப்போ நான் கடையில கேக்கும்போது கிலோவுக்கா பவுண்டுக்கா? தலையோடவா?

தமிழ்வாத்தியார்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'எறா' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். 'இறால்' என்பதே திருந்திய வடிவம்.

காசிமேட்டான்:
வாத்தியாரே, பழைய பாட்டுல 'இறவு', 'இறா'ன்னுதான் இருக்குது, என் பொண்ணு படிச்சுக் காட்டிச்சு. 'இறால்'னா அங்க தேன்கூடு. நாங்க பேசறதுதான் பழைய தமிழ். நீங்க தேன்கூட்டை வறுத்துத் தின்னுங்க.

தமிழ்வாத்தியார்:
இறா வேறு, எறா வேறு. முதல் எழுத்தைக் கவனிக்கவும்.

பொன்னேரி பண்ணை:
கடல் எறாப் பெருமை பேசற அண்ணனுக்கு ஒரு சேதி. 2019ல இருந்து நம்ம கடல்ல பிடிச்ச எறாவை அமெரிக்கா வாங்கறதே இல்ல. ஏன்? இழுவலையில ஆமை தப்பிக்க வழி வைக்கலைன்னு. 2025 ஜனவரியில நீலாங்கரை, பெசன்ட் நகர் மணல்ல நூத்துக்கணக்குல ஆமை செத்து ஒதுங்கினதை ஊரே பாத்துச்சு.

காசிமேட்டான்:
ஆமைக்கு அழறீங்களா? நாகப்பட்டினம் பக்கம் நெல் வயலை உப்பாக்கினது யாரு? காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா வழக்கு போட்டு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு கடலோரத்துல 500 மீட்டருக்குள்ள எறாப் பண்ணை கூடாதுன்னு சொன்னது மறந்துபோச்சா? அதுவும் போவட்டும். உங்க வனாமி இந்தக் கடல்ல பொறந்ததே கிடையாது. தாய் எறா அமெரிக்காவுல இருந்து ஃபிளைட்ல வருது, நீலாங்கரையில தனியா அடைச்சு வச்சு சோதிக்கறாங்க. அதோட பிள்ளைய ஐஸ்ல வச்சு அங்கயே திருப்பி அனுப்பறீங்க. இதுல இன்னா பெருமை?

பொன்னேரி பண்ணை:
தீர்ப்புக்கு அப்புறம் 2005ல கடலோரப் பண்ணைக்குன்னே சட்டம் வந்துச்சு. பதிவு பண்ணித்தான் தொழில் பண்றோம். போன வருஷம் நெத்திலிச் சண்டையிலயும் இப்படித்தான் பாதியைச் சொல்லிட்டு ஓடினீங்க.

காசிமேட்டான்:
நெத்திலியை இழுக்காதீங்க. அதுல ஜெயிச்சது நான்.

அடையாறுவாசி:
என் கேள்வி அப்படியே நிக்குது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் கடைகள்ல கிடைக்கற எறா எது?

காசிமேட்டான்:
தடை விசைப்படகுக்கு சார். ஃபைபர் படகு போவும். தெரியாம பேசாதீங்க.

பொன்னேரி பண்ணை:
ஃபைபர் படகு கொண்டாறது ஊருக்கே பத்துமா? நான் சொல்றேன் கேளுங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கிச்சு. குட்டைக்கரைக்கு வர்ற வியாபாரி போனை எடுக்கல. தீவனக் கடன் கழுத்துல நிக்குது. என்ன பண்றது? ஒரு லோடு முப்பது கவுண்ட் வேன்ல ஏத்தி சென்னைக்குத்தான் அனுப்பினேன். ரெண்டே நாள்ல வித்துச்சு.

ஐஸ்பெட்டி:
காசிமேட்டாரே, அவர் உங்க பக்கம்தான் சாட்சி சொல்றார். முப்பது சென்னைக்கு வந்திருக்கு.

காசிமேட்டான்:
அது எப்படிக்கா கணக்குல வரும்? அது குட்டை. நான் சொல்ற முப்பது கவுண்ட் வேற. அவரு அனுப்பாட்டியும் முப்பது வந்துகினுதான் இருக்குது.

பொன்னேரி பண்ணை:
வந்தது என் முப்பது.

காசிமேட்டான்:
ஐஸ்ல வெறைச்சுப் போனதை எண்ணி முப்பதுன்னு சொல்லாதீங்க. ஈரத்தோட தராசுல வச்சா எங்க முப்பது துள்ளும்.

மந்தைவெளி ராதா:
இன்னிக்குக் காலையில மார்க்கெட் போய் முப்பது கவுண்ட் குடுங்கன்னு கேட்டேன். கடைக்காரம்மா ஒரு மாதிரி பாத்துட்டு, "பெருசு வேணுமா, பொடிசு வேணுமா, அதைச் சொல்லும்மா"ன்னாங்க. கூடையில கைவிட்டு எடுத்துக் காட்டினதைப் பாத்தா நல்ல சைஸ்தான். எண்ண மறந்துட்டேன், தொக்கு பண்ணியாச்சு.

காசிமேட்டான்:
எந்த மார்க்கெட்டு? எத்தனை மணிக்குப் போனீங்க? எண்ணியிருந்தீங்கன்னா முப்பது இருந்துருக்கும்.