பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி அடிக்கடி முறிகிறது: என்ன செய்யலாம்?

பால்கேன் (பாலக்கோடு):
பழைய 28 அங்குலச் சைக்கிள். கேரியரின் இருபுறமும் கேனைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறேன். பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் (செயின் மாட்டும் பல்சக்கரம்) இருக்கும் வலப்பக்கத்துக் கம்பி ஒன்று முறியும், மாற்றுவேன், கொஞ்ச நாளில் அதற்கு அடுத்தது போய்விடும். எப்போதும் சக்கர நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய வளைவில்தான் முறிகிறது. நேற்று மறுபடி முறிந்து, டயர் பிரேமில் உரசுகிறது. கடைக்காரர் சுமையைக் குறைக்கச் சொல்கிறார். மாட்டிடம் போய்க் குறைவாகக் கற என்று சொல்லவா முடியும்? தடிமனான கம்பி போட்டால் நிற்குமா? இப்போது கடைவரை எப்படி ஓட்டிப்போவது?

மலைப்பாதை (பென்னாகரம்):
கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் அண்ணா. முறிந்த கம்பியைத் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள், மற்றவற்றோடு சிக்கி நான்கைந்தை இழுத்துக்கொண்டு போகும். ஹப் பக்கத்துத் துண்டை உருவிவிடுங்கள். ரிம் பக்கத்துத் துண்டு கழலவில்லை என்றால் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். வலப்பக்கக் கம்பி போனால் ரிம் அந்த இடத்தில் இடப்பக்கம் சாயும். அங்கேயுள்ள இடப்பக்கக் கம்பிகள் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் உரசல் நின்றுவிடும். 40 கம்பியில் ஒன்று குறைந்தால் சக்கரம் உடனே மடங்காது, ஆனால் கேனை ஏற்றாதீர்கள். ஒகேனக்கல் இறக்கத்தில் இப்படிச் சுமையோடு வந்து, ரிம் எட்டுப்போல் முறுக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இரும்புமனிதன் (ஓசூர்):
இன்னும் தடிமனான 13 கேஜ் கம்பி போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. சுமை வண்டிக்கு 14 கேஜ் எதற்கு?

கோட்டம் எடுப்பவன் (கிருஷ்ணகிரி):
ஓசூர் நண்பர் அவசரப்படுகிறார். 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 13 கேஜ் என்றால் சுமார் 2.3 மி.மீ. ஹப்பின் துளையிலும் ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு திருகான நிப்பிளிலும் அது நுழைய வேண்டாமா? துளையை அகலப்படுத்தச் சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பால்கேன் அண்ணா, உங்கள் கம்பி முறிவதற்குச் சுமை பாதிக் காரணம்தான். 2 மி.மீ. கம்பியை நேராக இழுத்தால் 200 கிலோவுக்கு மேலும் தாங்கும். ஆனால் சக்கரம் உருளும்போது தரையை நோக்கி வரும் கம்பியின் இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து, மேலே போகும்போது திரும்ப ஏறுகிறது. கம்பி முறுக்கமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில் அசையாது. தொய்வாக இருந்தால் கீழே வரும்போதெல்லாம் வளைவு துளைக்குள் ஆடும். 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றும். அத்தனை முறை ஆடினால் இரும்பு களைத்து வெடிப்பு விடும். ஒரு கம்பி போனதும் அதன் வேலையும் பக்கத்துக் கம்பிகள் தலையில் விழுகிறது. அதனால்தான் வரிசையாகப் போகின்றன. மிதிக்கும் இழுப்பும் ஃப்ரீவீல் பக்கத்தில் வந்து சேர்கிறது.

சக்கரத்தை நிறுத்தி, ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். ஓசை எப்படி இருக்கிறது?

பால்கேன் (பாலக்கோடு):
சுண்டினேன். சில கணீர் என்கின்றன, பல 'தொப்' என்கின்றன. முறிந்த இடத்தருகே ஓசையே இல்லை.

கோட்டம் எடுப்பவன் (கிருஷ்ணகிரி):
நினைத்தேன், 'தொப்' என்பவை தொய்ந்த கம்பிகள். அந்தப் பக்கத்து 20 கம்பிகளையும் மாற்றிவிடுங்கள். பழையவை எல்லாம் களைத்தவை, ஒன்றொன்றாக மாற்றினால் கூலிதான் மிஞ்சும். முறிந்ததன் இரண்டு துண்டுகளையும் கடைக்கு எடுத்துப்போய் அதே நீளத்தில், ஒரே தரத்தில் வாங்குங்கள். ஃப்ரீவீலைக் கழற்றித்தான் போட வேண்டும். கழற்றச் சோம்பல்பட்டுக் கம்பியை வளைத்து நுழைக்கும் கடைகள் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மலைப்பாதை (பென்னாகரம்):
நிப்பிளை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம்.

கோட்டம் எடுப்பவன் (கிருஷ்ணகிரி):
டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் இறுகும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேமை ஒட்டிச் சாக்பீஸ் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம்மில் கோடு விழும் இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். நிப்பிளுக்கு வெளியே நீட்டும் நுனியை அரத்தால் ராவி, ரிம் டேப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் டியூபைக் குத்தும். ஒரு வாரம் ஓட்டியபின் ரிம்மில் மறுபடி கோட்டம் (பக்கச் சாய்வு) இருக்கிறதா என்று பாருங்கள்; புதுக் கம்பி துளையில் உட்கார்ந்ததும் கொஞ்சம் தொய்யும்.