ஒரே சமணம், ஏன் இரண்டு மாதிரிக் கோயில்?

பயணப்பை:
போன மாதம் ராஜஸ்தானின் அபு மலையில் தில்வாரா சமணக் கோயில்களைப் பார்த்தேன். வெளிச்சுவர் சாதாரணம். உள்ளே, அவற்றில் ஒன்றான விமல் வசஹி கோயிலின் பளிங்குக் கூரை சரிகை போலத் தொங்குகிறது, 1031-ல் கட்டியதாம். போன ஞாயிறு காஞ்சிபுரம் பக்கம் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போனோம். கோபுரம், பிராகாரம், மண்டபம். "சிவன் கோயிலுக்கா வந்திருக்கோம்?" என்று கேட்டார் அம்மா. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கல்லுளி:
சமயம் ஒன்று, தச்சர்கள் வேறு. அங்கே குஜராத்தை ஆண்ட சோலங்கி மன்னர்கள் காலப் பாணி, பளிங்கு. இங்கே கருங்கல், அதில் அவ்வளவு மெல்லிய வேலை கஷ்டம். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அந்த மண்டபக் கூரையைப் பார்த்தீர்களா? தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானிகள்) கதைகள் ஓவியமாக ஓடும்.

மதுரைக்காரி:
இன்னும் பின்னால் போங்கள். முதலில் கோயிலே கிடையாது. மதுரைப் பக்கம் ஆனைமலையிலும் கீழவளவிலும் சமணத் துறவிகள் தங்கிய இயற்கைக் குகைதான்: வழவழப்பான கற்படுக்கை, தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்து, மழைநீர் உள்ளே வராமல் விளிம்பில் வெட்டிய காடி. அந்தக் காடியைத்தான் நான் எல்லாருக்கும் காட்டுவேன், யாரும் கண்டுகொள்வதில்லை! அப்புறம் 8, 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் கழுகுமலைப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அதே மலையில்தான் பாதியில் நின்ற வெட்டுவான் கோயில், அது சிவனுக்கு. ஆக, உங்கள் அம்மா குழம்பியதில் தப்பே இல்லை.

பயணப்பை:
கூரையை அண்ணாந்து பார்க்கவே இல்லை. சரி, மறுபடி போகணும்.