மழை ஜாக்கெட் குறித்த என் கேள்விக்கு ஒரு புதுப்பிப்பு

கர்நாடகத்தின் குதுரேமுக் மலையில் பருவமழைக்கால நடைக்கு 10,000 மி.மீ. நீர்புகா மதிப்பீடுள்ள ஜாக்கெட் போதுமா, 20,000 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். விலையை எண்ணி முன்னதையே வாங்கினேன்.

ஏற்றம் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிட்டதால், ஜாக்கெட் ஒழுகுகிறது என்றே நினைத்தேன். ஆனால் மழை நேராக அடித்த தோள்கள் உலர்ந்திருக்க, முதுகும் அக்குளும் மட்டுமே ஈரமாக இருந்ததைக் கண்ட பிறகுதான் அது என் வியர்வை என்று புரிந்தது. அந்த எண், துணி எவ்வளவு உயரமான நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. வியர்வை ஆவி வெளியேறும் திறனுக்குத் தனி மதிப்பீடு உண்டு, அதை நான் பார்க்கவே இல்லை. (பருத்திப் பனியன் அணிந்து சென்றதும் என் தவறுதான்.)

முதுகுப்பையின் பட்டை உரசிய இடங்களில் நீர்விலக்குப் பூச்சு மங்கி, வெளித்துணி நீரை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. அப்படி ஊறிய துணி வழியே ஆவி வெளியேறுவது மேலும் கடினம். பராமரிப்புச் சீட்டு அனுமதித்தபடி, மென்மையூட்டி சேர்க்காமல் துவைத்து, நன்கு அலசி, உலர்ந்தபின் மெல்லிய துணியை மேலே விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டேன். இப்போது தண்ணீர் மீண்டும் முத்துமுத்தாக உருண்டோடுகிறது.

அடுத்த நடையில் அக்குள் ஜிப்புகளை ஏற்றம் முழுவதும் திறந்தே வைத்திருந்தேன். சற்று ஈரம் இருந்தது, குளிரவில்லை. 20,000 இப்போதைக்கு வாங்கப்போவதில்லை.