ஹிக்ஸுக்கு அப்புறம் துகள் தியரி முட்டுச்சந்துல நிக்குதா?

சுழிச்சுற்று:
நேரா விஷயத்துக்கு வரேன். 2012 ஜூலை 4 அன்னிக்கு மத்த அடிப்படைத் துகளுக்கு நிறை எப்படி வருதுங்கறதோட சம்பந்தப்பட்ட ஹிக்ஸ் துகள் கெடச்சாச்சுன்னு ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆய்வுக்கூடத்துல அறிவிச்சாங்க. சந்தோஷம்தான், ஆனா அது 1964ல எழுதி வெச்ச ஐடியா. அதுக்கப்புறம் தியரிக்காரங்க என்ன கிழிச்சாங்க? சூப்பர்சிமெட்ரி வரும், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி இருக்கும், எல்எச்சி (செர்ன்ல துகள்கள மோத விடுற வளைய எந்திரம்) ஓட ஆரம்பிச்சா கொட்டும்னு சொன்னாங்க, ஒண்ணுகூட வரல. புரோட்டானுக்குள்ள இருக்கற குவார்க்குகள ஒட்ட வெக்கற குளுவானோட ஜோடிய தேடித்தேடி பல மாடல்ல 2000 ஜிஇவி (துகளோட நிறைய சொல்ற அலகு, ஒரு புரோட்டான் சுமார் 1 ஜிஇவி) தாண்டிட்டாங்க, இன்னும் "கொஞ்சம் மேல இருக்கும்"ங்கறாங்க. கோலிய குழிக்கு அடிக்கறத விட்டுட்டு கோலி நின்ன எடத்துல குழி தோண்டுற மாதிரி இருக்கு. என்னக் கேட்டா 1970கள்ல ஸ்டாண்டர்ட் மாடல் (தெரிஞ்ச துகளையும் விசையையும் விவரிக்கற தியரி) ஒரு வடிவத்துக்கு வந்தப்பவே கத முடிஞ்சுது.

மீசான்_மாமா:
தம்பி ரொம்ப அவசரப்படுறீங்க. நியூட்ரினோன்னு எதோடயும் லேசுல மோதாத ஒரு துகள் இருக்கணும்னு இயற்பியலாளர் பவுலி சொன்னது 1930, ஆளு சிக்குனது 1956. ஹிக்ஸுக்கு 48 வருஷம். இந்தத் துறைல காத்துக் கெடக்கறதும் வேலைல சேர்த்திதான்.

சுழிச்சுற்று:
இந்த நியூட்ரினோ கதைய எல்லாரும் சொல்றீங்க மாமா. ஜெயிச்சத மட்டும் எண்ணுனா எப்படி? எஸ்யூ-5னு, ஈர்ப்பு தவிர மத்த மூணு விசையையும் ஒண்ணாக்குற தியரி 1974ல வந்துச்சு, பாக்க அவ்ளோ அழகு. புரோட்டான் சிதையும், ஆயுசு 1 போட்டு சுமார் 30 சைபர் வருஷம்னு கணக்கு வந்துது. தொட்டி கட்டி தண்ணி நெரப்பி உக்காந்து பாத்தாங்க. இன்னிக்கு 34 சைபரயும் தாண்டியாச்சு, ஒரு புரோட்டான் செத்ததா தகவல் இல்ல. அழகா இருந்தா உண்மையா இருக்கணும்னு யாரு சொன்னது?

மீசான்_மாமா:
ஹாஹா நல்ல உதாரணத்த எடுத்துக் குடுத்தீங்க. அந்தத் தொட்டில ஒண்ணுதான் ஜப்பான்ல இருந்த கமியோகாண்டே. புரோட்டான் சாவுக்குக் காத்திருந்த தொட்டில 1987 பிப்ரவரில ஒரு சூப்பர்நோவாலேர்ந்து 11 நியூட்ரினோ வந்து விழுந்துச்சு. அடுத்து கட்டுன பெரிய தொட்டி, சூப்பர் கமியோகாண்டே, 1998ல நியூட்ரினோ வழில ஜாதி மாறுதுன்னு, அதாவது ஒரு வகை இன்னொரு வகையாகுதுன்னு காட்டுச்சு, அப்படி மாறணும்னா நிறை இருந்தே ஆகணும், ஸ்டாண்டர்ட் மாடல்ல அதுக்கு நிறை சைபர்னு போட்டிருந்தாங்க. தப்பான தியரி இல்லேன்னா அந்தத் தொட்டியே இல்ல தம்பி.

சுழிச்சுற்று:
அது லாட்டரி மாமா, தியரி இல்ல.

பழைய_மாணவி:
ரெண்டு பேருமே "புதுத் துகள ஜோசியம் சொல்றது"தான் தியரின்னு வெச்சுப் பேசுறீங்க. நான் இந்தத் துறைல சில வருஷம் இருந்துட்டு வெளிய வந்தவ, அங்க நான் பாத்த முக்காவாசிப் பேரு செய்யறது வேற, இருக்கற தியரிலேர்ந்து நம்பர் எடுக்கறது. அது லேசுப்பட்ட வேல இல்ல. ரெண்டு குளுவான் மோதி நாலு குளுவான் ஆகறதுக்கு 220 ஃபெய்ன்மன் படம் (மோதல் நடக்கற ஒவ்வொரு வழியையும் வரைஞ்சு கணக்குப் போடுற படம்) போடணும், அத்தனையும் கூட்டுனா பக்கம் பக்கமா போகும். 1986ல பார்க், டெய்லர்னு ரெண்டு பேரு முக்கியமான ஒரு வகைக்கு அது ஒரே வரில அடங்குதுன்னு காட்டுனாங்க. ஏன் அடங்குது? 220 படத்துலயும் தெரியாத ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு, அதத் தோண்டித்தான் இன்னிக்கு பெரிய ஆராய்ச்சி போயிட்டிருக்கு. 1970கள்ல கத முடிஞ்சுதுன்னு சொல்றவருக்கு இது கணக்கு விளையாட்டா தெரியலாம்.

மியூவான், அதாவது எலக்ட்ரானோட கனமான அண்ணன், அது விஷயமும் பாருங்க. அதோட காந்தத் தன்மை தியரிக்கு ஒத்து வரலன்னு 2021ல அமெரிக்காவோட ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடம் 4.2 சிக்மா (தற்செயலா வர வாய்ப்பு ரொம்பக் கம்மியான வித்தியாசம்) சொன்னதும் புது விசை வந்தாச்சுன்னு ஒரே கூச்சல். அதே நாள்ல இன்னொரு குழு, குவார்க்குகள வலைக்கட்டத்துல போட்டு சூப்பர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டவங்க, அளந்த நம்பருக்கு பக்கத்துலயே வருதேன்னாங்க. 2025ல தியரிக்காரங்க சேர்ந்து வெளியிட்ட புது மதிப்பு அந்த வழிலதான், வித்தியாசம் காணாமப் போச்சு. இப்ப அளவீட்டு பிழைய விட தியரி பிழைதான் சுமார் நாலு மடங்கு பெருசு. வேல தியரி பக்கம்தான் பாக்கி.

சுழிச்சுற்று:
சரி அக்கா, கணக்குப் போடுறவங்கள நான் குத்தம் சொல்லல, வாபஸ். என் கோவம் ஹிக்ஸ் நிறை 125 ஜிஇவி "இயல்பா இல்ல"ன்னு சொல்லி முப்பது நாப்பது வருஷம் ஓட்டுனவங்க மேல. குவாண்டம் திருத்தம் அத, ஈர்ப்புலயும் குவாண்டம் விளைவு முக்கியமாகற பிளாங்க் அளவுக்கு, 1 போட்டு 19 சைபர் ஜிஇவிக்கு, இழுக்கணுமாம். இழுக்கல. இயற்கைக்கு இது இயல்பு, இவங்களுக்குத்தான் இயல்பா இல்ல. 2015 டிசம்பர்ல எல்எச்சி தரவுல 750 ஜிஇவி கிட்ட புதுத் துகளோன்னு நெனைக்க வெச்ச ஒரு சின்ன மேடு தெரிஞ்சதும் நூத்துக்கணக்குல பேப்பர் வந்துச்சே, 2016 ஆகஸ்ட்ல மேடு கரைஞ்சு போச்சு. அந்தப் பேப்பரெல்லாம் இப்ப என்ன பண்றது, பஜ்ஜி மடிக்கவா?

பழைய_மாணவி:
750 கூத்துல நான் உங்க பக்கம், அதுக்கு சமாதானமே கெடையாது 😄

ஆனா "இயல்பு" வாதம் வெறும் ரசனை இல்ல. கேயான்ங்கற துகளோட மின்னூட்டம் இல்லாத ரெண்டு வகைக்கும் நடுவுல இருக்கற ரொம்பச் சின்ன நிறை வித்தியாசத்த வெச்சு, நாலாவதா ஒரு குவார்க் இருந்தா அது சுமார் ஒன்றரை ஜிஇவிலதான் இருக்கணும், அதுக்கு மேல போனா கணக்கு ஒதைக்கும்னு இயற்பியலாளர்கள் கெய்லார்டும் லீயும் 1974ல சொன்னாங்க. அதே நவம்பர்ல சார்ம் குவார்க் வந்து நின்னுச்சு. ஒரு தடவ இப்படி ஜெயிச்ச கருவிய ஹிக்ஸுக்கும் எடுத்தாங்க, இந்தத் தடவ கருவி ஒடைஞ்சுது. ஏன் ஒடைஞ்சுதுங்கறதுதான் எனக்கு இப்ப சுவாரஸ்யமான கேள்வி.

இன்னொரு பெரிய மாற்றத்த யாரும் சொல்லல. எல்எச்சி கட்டுறப்ப கையில ஒரு உத்தரவாதம் இருந்துது. ஹிக்ஸ் இல்லாம, வலுவற்ற விசைய சுமக்கற டபிள்யூ துகள் ரெண்ட மோத விட்டா 1000 ஜிஇவி வாக்குல நிகழ்தகவு ஒண்ண தாண்டிடும், அது அபத்தம், அதனால ஹிக்ஸோ வேற எதுவோ அங்க இருந்தே தீரணும். இன்னிக்கு அப்படி எதுவும் கையில இல்ல. ஹிக்ஸ் வந்து அந்த ஓட்டைய அடைச்சிடுச்சு, இனி எட்டுற தூரத்துல தியரி எங்கயும் கிழியல. செர்ன் அடுத்து கட்ட யோசிக்கற 91 கிலோமீட்டர் வளையம் கட்டுனா என்ன கெடைக்கும்னு கேட்டா "தெரியாது, பாக்கலாம்"னுதான் நேர்மையா சொல்ல முடியும்.

மீசான்_மாமா:
தெரியாது பாக்கலாம்னு சொல்லித்தானேம்மா பாதி இயற்பியல் வந்துது.

சுழிச்சுற்று:
கையில காசு இருந்தப்ப வந்துது மாமா. அக்கா, சார்ம் கதை எனக்குத் தெரியாது, அத ஒத்துக்கறேன், தேடிப் படிக்கறேன். ஆனா உத்தரவாதம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப அந்த வளையத்துக்கு ஓட்டு போடச் சொன்னா நீங்க என்ன போடுவீங்க?

பழைய_மாணவி:
போடுவேன், ஆனா புதுத் துகளுக்காக இல்ல. ஹிக்ஸ் தன்னோட தானே எவ்ளோ வலுவா வினை புரியுதுன்னு இன்னும் யாரும் சரியா அளக்கல. ஸ்டாண்டர்ட் மாடல்ல அதுக்கு ஒரே ஒரு நம்பர்தான் வரலாம். அந்த நம்பர் வேறயா வந்தா சூப்பர்சிமெட்ரிக்காரங்க, உங்கள மாதிரி கத முடிஞ்சுதுங்கறவங்க, ரெண்டு கட்சியும் திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.