அடுப்படித் தளம் பெயர்ந்த கதை: எங்கள் வீட்டு அனுபவம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் முகப்பும் வளவும் (நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டு) சுண்ணாம்புக் கட்டு. பின்கட்டு அடுப்படிக்கு மட்டும் 1970களில் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய வளவுச் சுவர் இன்றும் வழுவழுப்புக் குறையாமல் நிற்கிறது. போனது தளம்தான். கம்பி ஓடும் வழியே விரிசல் விட்டு, அப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று மேலே பூசிப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

போன கோடையில் வந்த பொறியாளர் ஓர் ஓரத்தை உளியால் புதிதாகக் கொத்தி, காரம் இருந்தால் ரோஜா நிறமாகும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்பக்கம் சட்டென்று அடர் ரோஜா நிறமானது. வெளிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு நிறமே ஏறவில்லை. கம்பி கிடந்தது அந்தப் பட்டையில்.

நல்ல கான்கிரீட்டின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் அளவு, 12க்கு மேல். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே போய்க் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றும்போது பி.எச். 9க்குக் கீழே இறங்கிவிடும், காப்பும் போய்விடும். ஈரம் பட்டால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதே வாயுதான் வளவுச் சுவரின் சுண்ணாம்பை வருஷக்கணக்கில் இறுக்கிக் கல்லாக்கியது! அங்கே உள்ளே கம்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கே எங்கள் தளத்தில் வைக்கவில்லை. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் இரண்டு மடங்கானால் வாயு கம்பியை எட்ட ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் பிடிக்குமாம். இதைக் கேட்டபோது நிஜமாகவே வயிறு எரிந்தது.

பங்காளி வீட்டில் வேறு கதை. தளம் ரொம்பப் புதுசு, கம்பிவரை ரோஜா நிறம் வந்தது, ஆனாலும் கம்பி குழி குழியாக அரித்திருந்தது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருக்கிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு, காரம் இருக்கும்போதே காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலவை போட விடாதீர்கள்.

எங்கள் தளத்தில் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, சிமெண்ட்-பாலிமர் பூச்சு கொடுத்தோம். அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து நம்மூருக்கு வரவழைத்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இந்த வகைப் பூச்சில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பாதியாகத் தேய்ந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டியபோது, கவர் பிளாக் வைக்கிறாரா என்று ஆச்சியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.