இழை: ‘ரேடிக்கல் ஆக்சிஸ்’ – தமிழில் என்ன வைக்கலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

கணித ஒலிம்பியாடு வடிவியல் கணக்குகளுக்குத் தமிழில் தீர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தடை எதுவும் இல்லை. சுற்றுவட்டம், உள்வட்டம், செங்கோட்டு மையம், வட்ட நாற்கரம், தொடுகோடு, வெட்டுக்கோடு எல்லாம் பள்ளிப் பாடநூலிலேயே கிடைக்கின்றன. பாடநூல் முடிகிற இடத்தில்தான் தகராறு. இரண்டு சொற்கள் வேண்டும்: ஒன்று ‘பவர் ஆஃப் எ பாயிண்ட்’, மற்றது அதை நம்பி நிற்கும் ‘ரேடிக்கல் ஆக்சிஸ்’.

பழக்கமில்லாதவர்களுக்காக: ஒரு வட்டம், ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக எப்படிக் கோடு போட்டு வட்டத்தை வெட்டினாலும், புள்ளியிலிருந்து இரண்டு வெட்டுமிடங்களுக்கும் உள்ள நீளங்களைப் பெருக்கினால் ஒரே எண்தான் வரும். ஆரம் 5, புள்ளி மையத்திலிருந்து 13 தொலைவில் என்று வையுங்கள். மையம் வழியாகப் போகிற கோட்டில் 8 × 18 = 144. தொடுகோடு போட்டால் அதன் நீளம் 12, வர்க்கம் அதே 144. புள்ளி உள்ளே, மையத்திலிருந்து 3 தொலைவில் இருந்தால் விட்டத்தின் வழியே 2 × 8 = 16; விட்டத்துக்குச் செங்குத்தான நாணில் 4 × 4 = 16. உள்ளே இருக்கும்போது மட்டும் −16 என்று குறி போட்டு எழுதுவோம். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான சூத்திரம், மையத் தொலைவின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழிப்பது.

விஷயம் யூக்ளிடிடமே இருக்கிறது, மூன்றாம் பகுதி, 35, 36ஆம் தேற்றங்கள். பெயர்தான் வெகு பிந்தி வந்தது. 1826இல் யாக்கோப் ஸ்டைனர் ஜெர்மனில் ‘பொட்டென்ஸ்’ என்றார். இரண்டு வட்டங்களைப் பொறுத்து இந்த எண் சமமாக இருக்கும் புள்ளிகள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் வரும். அதற்கு 1813இலேயே பிரெஞ்சுக்காரர் கோத்தியே ‘ஆக்ஸ் ராடிக்கால்’ என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது?

*

அம்மா, வணக்கம்.

இதற்குப் புதுச்சொல் எதற்கு? இரு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் வருவதுதானே அந்தக் கோடு? ‘பொதுநாண்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். நீட்டிச் சொல்ல வேண்டுமானால் ‘பொதுநாண் கோடு’. மாணவருக்குப் படம் உடனே கண்ணில் நிற்கும். நான் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

*

ஐயா, ஒரு சின்ன ஆட்சேபம்.

வட்டங்கள் வெட்டிக்கொள்ளாவிட்டால்? ஆரம் 1, ஆரம் 5, மையங்களுக்கு இடையே 8 என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நாணே இல்லை. ஆனால் கோடு இருக்கிறது: சின்ன வட்டத்தின் மையத்திலிருந்து 2.5 தொலைவில், மையங்களைச் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக. சரிபார்த்தால், 6.25 − 1 = 5.25, அந்தப் பக்கம் 30.25 − 25 = 5.25. இதைப் பொதுநாண் என்று எப்படி எழுதுவது?

இன்னொன்று. ஆரம் சுழியான வட்டத்தையும், அதாவது வெறும் புள்ளியையும், போட்டிக் கணக்குகளில் வட்டமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளுக்கு இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தால் கிடைப்பது மையக்குத்துக்கோடு. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் மூன்று சுழி ஆர வட்டங்களாக நினைத்துக்கொண்டால், மையக்குத்துக்கோடுகள் மூன்றும் சுற்றுவட்ட மையத்தில் சந்திப்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. ‘பொதுநாண்’ என்று வைத்தால் அந்த வரியை எழுதவே முடியாது.

*

தம்பி சொல்வது சரி. அந்த 5.25ஐப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்தக் கோட்டில் நின்று இரு வட்டங்களுக்கும் தொடுகோடு போட்டால் நீளம் சமம். ‘சமதொடுகோட்டு அச்சு’ என்று வைத்தால் என்ன? காரணப்பெயராகவும் இருக்கிறது.

*

அதுவும் பாதிதான் ஓடும். வெட்டிக்கொள்ளும் வட்டங்களில், பொதுநாணுக்குள் இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடே கிடையாது. ஐயாவின் சொல் வட்டங்கள் விலகினால் விழுகிறது, இவருடையது புள்ளி உள்ளே போனால் விழுகிறது. படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் படம் மாறியதும் பெயர் தடுமாறும். எந்தப் படத்திலும் மாறாதது அந்த எண் மட்டும்தான். முதலில் எண்ணுக்குப் பெயர் வையுங்கள், கோட்டின் பெயர் தானே வரும்.

நேரடியாக மாற்றினால் ‘மூல அச்சு’ என்று வரும், எங்கோ பார்த்த நினைவும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வர்க்கமூலம், கனமூலம் படித்த பிள்ளை இங்கே எந்த மூலத்தைத் தேடும்? வகுப்பில் பின்வரிசை வேறு மூலத்தை நினைத்துச் சிரிக்கும். அது தனிக் கதை.

எண்ணுக்கு என் பரிந்துரைகள்: புள்ளியின் அடுக்கு, புள்ளியின் திறன், புள்ளியின் வலு, வெட்டுப்பெருக்கம். கடைசியானது நானே கட்டியது.

*

அனைவருக்கும்,

பட்டியல் போட்டுக் கை தூக்குவதைவிட, ஒரு தீர்வை எழுதிப் பார்ப்போம். சொல் நிற்குமா நிற்காதா என்பது வாக்கியத்துக்குள் போனால்தான் தெரியும். 1995இல் கனடாவில் நடந்த பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடின் முதல் கணக்கை எடுத்துக்கொண்டேன். இந்தக் கோடு இல்லாமல் அதைத் தொடுவது கடினம். புள்ளிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன்.

ஒரு நேர்கோட்டில் க, ச, ட, த என்ற வரிசையில் நான்கு புள்ளிகள். க–ட விட்டமாக ஒரு வட்டம், ச–த விட்டமாக இன்னொன்று. இரண்டும் ய, ர ஆகிய இடங்களில் வெட்டுகின்றன. ய–ர கோட்டின்மேல், நான்கு புள்ளிகளின் கோட்டில் படாத ஒரு புள்ளி ப. ட–ப கோடு முதல் வட்டத்தை மறுபடி ம-வில் வெட்டுகிறது. ச–ப கோடு இரண்டாம் வட்டத்தை மறுபடி ன-வில். க–ம, த–ன, ய–ர மூன்றும் ஒரு புள்ளி வழிச் செல்லும் என்று நிறுவ வேண்டும்.

ப, வட்டங்களுக்கு உள்ளே இருக்கும் நிலையை எழுதுகிறேன். எண்ணுக்கு ‘வலு’, கோட்டுக்கு ‘சமவலு அச்சு’ என்று வைத்து:

“ப, சமவலு அச்சின்மேல் இருக்கிறது. ஆகவே இரு வட்டங்களையும் பொறுத்து அதன் வலு சமம். எனவே பட × பம = பச × பன. ஆகவே ச, ட, ம, ன நான்கும் ஒரே வட்டத்தில். அந்த வட்டத்தில் கோணம் மனச, கோணம் மடச இரண்டும் ஒரே வில்லைப் பார்ப்பதால் சமம். அரைவட்டக் கோணம் என்பதால் சனத 90°, கமட 90°. ஆகவே கோணம் மனத = 90° + கோணம் மடச; கோணம் மகத = 90° − கோணம் மடச. கூட்டினால் 180°. க, ம, ன, த நான்கும் ஒரு வட்டத்தில். இந்த மூன்றாம் வட்டத்துக்கும் முதல் வட்டத்துக்கும் சமவலு அச்சு க–ம. இரண்டாம் வட்டத்துக்கும் இதற்கும் த–ன. முதல் இரண்டுக்கும் ய–ர. மூன்று வட்டங்களின் சமவலு அச்சுகள் ஒரே புள்ளியில், அதாவது சமவலு மையத்தில், சந்திக்கும்.”

இதே பத்தியில் ‘அடுக்கு’ என்று மாற்றிப் படியுங்கள். “ப-வின் அடுக்கு சமம்” என்றதும் கண் மேலே தூக்கி எழுதிய எண்ணைத் தேடுகிறது. ஆயத்தொலைவு வைத்து எழுதும் தீர்வில் இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு எல்லாம் அதே பக்கத்தில் வரும். அங்கே இது இன்னும் மோசம். ‘வெட்டுப்பெருக்கம்’ முதல் இரண்டு வாக்கியங்களில் அழகாக உட்கார்ந்தது. ‘சமவெட்டுப்பெருக்க அச்சு’ என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

*

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன்.

தீர்வு நன்றாக இருக்கிறது. நாங்கள் முக்கோணி, நாற்பக்கல், தொடலி என்று எழுதுவோம். செங்கோட்டு மையம் எங்களுக்கு நிமிர்மையம். அதனால் படிக்கும்போது இரண்டொரு இடத்தில் நின்று நின்று போனேன், அவ்வளவுதான். ஆனால் ‘வலு’ குறித்து ஒரு தயக்கம். எங்கள் பௌதிகப் புத்தகத்தில் ஒரு செக்கனில் செய்யப்படும் வேலைதான் வலு. உங்களுக்குத் ‘திறன்’ எதுவோ அது. பௌதிகச் சொல் என்று நீங்கள் திறனைத் தவிர்த்தால், அதே காரணம் எங்களுக்கு வலுவுக்கும் பொருந்துமே?

இன்னொரு கேள்வி: வலு −16 என்றால் கேட்க எப்படி இருக்கிறது? வலு இல்லாமல் இருக்கலாம், எதிர்வலு இருக்கலாமா?

*

இரண்டுமே நல்ல கேள்விகள்.

முதலாவதற்கு: ஆங்கிலத்திலும் பௌதிகச் சொல்லும் இதுவும் ஒன்றேதான், ஜெர்மன் ‘பொட்டென்ஸ்’ அடுக்கையும் குறிக்கும். யாரும் தடுமாறவில்லை. இந்த வலுவை ஒரு வட்டத்தைச் சொல்லாமல் பேசவே முடியாது என்பதுதான் காரணம். “இந்த வட்டத்தைப் பொறுத்து ப-வின் வலு” என்று வாக்கியமே காவல் போட்டுவிடுகிறது. அடுக்கு அப்படியில்லை, அது அதே பக்கத்தில் வேறு வேலை செய்துகொண்டிருக்கும். முதல் தடவை வரும்போது மட்டும் ‘வட்டவலு’ என்று எழுதி, பிறகு ‘வலு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

குறிக்கு: வெளியே நேர்வலு, உள்ளே எதிர்வலு, வட்டத்தின்மேல் நின்றால் வலு சுழி. பெயரைச் சொன்னதுமே புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை, வசதியாகப் படுகிறது. சொல்லப்போனால் மேலே எழுதிய தீர்வில் ப வெளியே போனால் கோணங்களை வேறு மாதிரி எழுத வேண்டிவரும். ஆனால் வலு வரும் வரிகளில் ஓர் எழுத்துகூட மாறாது.

*

பொதுநாண் சொன்னவன்தான் மறுபடி வருகிறேன். தம்பியின் சுழி ஆர வட்டம் என்னை மடக்கிவிட்டது, ‘வலு’வுக்கு வந்துவிட்டேன். அதற்குக் கைம்மாறாக ஒன்று தருகிறேன். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் விட்டமாக வைத்து மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒரு முனையில் சேரும் இரண்டு பக்கங்களின் வட்டங்கள் இரண்டும் அந்த முனை வழியாகவும், அங்கிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இறக்கிய குத்துக்கோட்டின் அடி வழியாகவும் போகும், அரைவட்டக் கோணம் 90° என்பதால். ஆகவே அவற்றின் சமவலு அச்சு அந்தக் குத்துக்கோடே. மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் இடம் மூன்று வட்டங்களின் சமவலு மையம். செங்கோட்டு மையத்துக்கு இதைவிடச் சிறிய நிரூபணம் நான் எழுதியதில்லை.

ஆனால் ‘அச்சு’ எதற்கு? ஜெர்மன்காரர்கள் ‘பொட்டென்ஸ்கெராட’ என்று நேர்கோடாகத்தான் வைத்திருக்கிறார்கள். ‘சமவலுக்கோடு’ என்றால் புணர்ச்சியும் சுத்தமாக இருக்கிறது. ‘சமவலு அச்சு’ சேர்ந்தால் ‘சமவலுவச்சு’ என்று வாயில் கொழகொழக்கிறது.

*

ஐயா, நானும் முதலில் கோடு என்றுதான் நினைத்தேன். தடுத்தது ஒரே விஷயம். ஒரே சமவலு அச்சைப் பங்குபோடும் வட்டங்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது, ‘கோஆக்சல்’ என்பார்கள். ‘அச்சு’ என்று வைத்தால் ‘ஓரச்சு வட்டங்கள்’ என்று இரண்டே சொல்லில் முடியும். ‘கோடு’ என்று வைத்தால் ‘ஒருகோட்டு வட்டங்கள்’. அதைப் படிப்பவர் மையங்கள் ஒரே கோட்டில் இருப்பதாக எண்ணுவார். அந்த வட்டங்களுக்கு அதுவும் உண்மை என்பதால் தவறாகப் புரிந்துகொண்டதே அவருக்குத் தெரியாது. பிழை உடனே மாட்டிக்கொண்டால் பரவாயில்லை; இப்படி ஒளிந்துகொள்ளும் பிழைதான் போட்டியில் மதிப்பெண்ணைத் தின்னும்.

புணர்ச்சி விஷயத்தில், சேர்த்து எழுத வேண்டாம். ‘சமவலு அச்சு’ என்று இடம் விட்டே எழுதுவோம்.

*

ஓரச்சு வட்டங்கள் அருமை. இனி எனக்கு மறுப்பில்லை.

*

நன்றி. பட்டியலில் இப்படிப் பதிந்திருக்கிறேன்: வட்டவலு, சுருக்கமாக வலு, நேர்வலு, எதிர்வலு, சமவலு அச்சு, சமவலு மையம், ஓரச்சு வட்டங்கள். இலங்கை நண்பர்களுக்காகத் தீர்வுகளின் முதல் பக்கத்தில் முக்கோணி, நாற்பக்கல், தொடலி, நிமிர்மையம் நான்கையும் இணைச்சொற்களாகக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்து ‘ஆங்கிள் சேசிங்’. தனிமடலில் இருவர் ‘கோண வேட்டை’ அனுப்பியிருக்கிறார்கள். நாம் உண்மையில் செய்வது ஒரு கோணத்தை வட்ட நாற்கரம் வழியாகவும் தொடுகோடு வழியாகவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. அதனால் ‘கோணம் கடத்தல்’ என்று எனக்கு ஒரு யோசனை. கடத்தல் என்றதும் சுங்க அதிகாரி ஞாபகம் வருகிறவர்கள் புது இழை தொடங்கிச் சண்டை போடலாம். இந்த இழையில் வேண்டாம்.