போட்ஸ்வானாவை முன்னேற்றியது வைரமா, நிர்வாகமா?

கரிசல்காட்டான்:
பக்கத்து இழையில் மண்குதிரை, "போட்ஸ்வானாவுக்கு வைரம் கிடைத்தது, முன்னேறிவிட்டது. நல்ல நிர்வாகம் என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1930-லேயே வைரம் கிடைத்துவிட்டதே, அங்கே என்ன ஆனது? 1968 முதல் 1985 வரை ஆண்ட சியாகா ஸ்டீவன்ஸ் வைரத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டார். 1991-ல் உள்நாட்டுப் போரே வந்தது. போட்ஸ்வானாவில் முதல் அதிபர் செரெட்சே காமா 1967-ல் சட்டம் போட்டு, கனிமம் எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குத்தான் சொந்தம் என்றார். ஒராபா வைரம் இருந்தது அவருடைய சொந்தக் குலமான பாமங்வாட்டோ மக்களின் மண்ணில். அந்த நாடு சுதந்திரம் வாங்கும்போது தார்ச்சாலை மொத்தமே 12 கிலோமீட்டர்!

மண்குதிரை:
ஒராபாவில் வைரம் கிடைத்த வருஷத்தையும் சொல்லுங்கள் ஐயா. அதுவும் 1967. கல் கிடைத்த வருஷமே சட்டம் வருகிறது, அதற்குத் தியாகி பட்டமா?

கரிசல்காட்டான்:
காமாவின் கட்சி 1965 தேர்தல் அறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டது. அப்போது ஒராபாவில் வைரம் இருப்பது யாருக்கும் தெரியாது. 1965. நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மண்குதிரை:
தேர்தல் அறிக்கையைச் சட்டம் என்று சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன். சட்டம் 1967.

சவுக்குத்தோப்பு:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சியரா லியோனின் கோனோவில் வைரம் ஆற்று மண்ணில் கலந்து கிடக்கிறது. மண்வெட்டி, சல்லடை, முழங்கால் தண்ணீர், இவ்வளவு போதும். யார் வேண்டுமானாலும் தோண்டலாம், துப்பாக்கி வைத்திருப்பவன் பிடுங்கிக்கொள்ளலாம். போட்ஸ்வானாவில் கிம்பர்லைட் பாறைக்குள் இருக்கிறது. பெரிய இயந்திரமும் கம்பெனியும் வேண்டும், சுற்றி வேலி போட்டால் முடிந்தது. வித்தியாசம் பாறையில் இருக்கிறது, காமாவிடம் இல்லை.

கரிசல்காட்டான்:
காங்கோவின் புஜி மாயியிலும் கிம்பர்லைட் இருக்கிறது தம்பி. அரசுக் கம்பெனியும் இருந்தது. சர்வாதிகாரி மொபுட்டு காலத்தில் அந்த வருமானம் போன இடம் ஊருக்கே தெரியும். பாறை காப்பாற்றியதா? சிங்கப்பூர் இழையிலும் இப்படித்தான் பாதியில் புகுந்து குழப்பிவிட்டு ஓடினீர்கள்.

சவுக்குத்தோப்பு:
ஓடினேனா? கடைசிப் பதிவு என்னுடையது. பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

கபரோன்வாசி:
நான் போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனில் கணக்கு வேலை பார்த்தவன். அங்கே ஊர்ச்சபைக்கு க்கோட்லா என்று பெயர். மந்திரி வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து கிழவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் சுற்றுவதையும் பார்த்தேன். சான் பழங்குடி மக்களை அவர்கள் வாழ்ந்த மத்திய கலஹாரியிலிருந்து அரசாங்கமே விரட்டியது. அதையும் எழுதுங்கள்.

கரிசல்காட்டான்:
விரட்டியது சட்டவிரோதம் என்று 2006-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல மொபுட்டுவின் காங்கோவில் ஒரு நீதிபதிக்குத் துணிவு வந்திருக்குமா?

கபரோன்வாசி:
தீர்ப்பு வந்த பிறகும் அந்த மக்கள் எத்தனை பாடுபட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே வாழாதவர்களுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

மண்குதிரை:
58 வருஷம் காமாவின் ஒரே கட்சி ஆண்டது. இதுதான் உங்கள் நல்ல நிர்வாகமா?

கரிசல்காட்டான்:
2024 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றதும் அதிபர் மசிசி உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார், டூமா போகோ பதவியேற்றார். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அரசும் டி பீர்ஸ் என்ற பெரிய வைரக் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் டெப்ஸ்வானாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அரசுக்கு 15 சதவீதம்தான். பேரம் பேசி 1970-களிலேயே சரிபாதி வாங்கினார்கள், அதுவும் டி பீர்ஸிடம்! அந்தப் பேரத்தைப் பேசியது வைரமா, மனிதர்களா?

மண்குதிரை:
வைரம் இல்லாவிட்டால் எதை வைத்துப் பேரம் பேசியிருப்பார்கள்? மாட்டை வைத்தா? இப்போது ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்து வைர விற்பனை படுத்ததும் பட்ஜெட்டும் சேர்ந்து படுத்துவிட்டது. உங்கள் நிர்வாகம் எங்கே போனது?

கரிசல்காட்டான்:
அதைத் தனி இழையில் கேளுங்கள், வருகிறேன். முதலில் 1965-க்குப் பதில் சொல்லுங்கள்.

மண்குதிரை:
சட்டம் 1967.